கைகாட்டிக்குப் பூட்டுப் போட்ட தச்சர்

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டியதுமே எடிசன், விஸ்வேஸ்வரய்யா, அப்துல் கலாம் எல்லாரையும் ஆளுக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டார்கள். நான் எழுத வந்திருப்பது ஜான் சாக்ஸ்பியைப் பற்றி. ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்க்கிறவர்கள் உலகம் முழுக்க அறிந்த பெயர். நம்ம கிளாஸில் கேட்டால் பாதிப் பேர் கிரிக்கெட் வீரரா என்று கேட்பார்கள். போன வருஷம் வரை எனக்கும் தெரியாது.

எனக்கு அவரை அறிமுகம் செய்து வைத்தது நம் மெஷின் லேப்தான். ஃபார்வர்ட் ரிவர்ஸ் ஸ்டார்டர் எக்ஸ்பெரிமென்ட் ஞாபகம் இருக்கிறதா? மோட்டார் முன்பக்கமாக ஓடிக்கொண்டிருக்கும்போது ரிவர்ஸ் பட்டனை அமுக்கினால் ஒன்றும் ஆகாது. ஒரு கான்டாக்டர் உள்ளே போயிருக்கும்வரை இன்னொரு கான்டாக்டருக்குக் கரண்ட் போகாதபடி வயரிங் செய்திருக்கிறார்கள். ரெண்டும் சேர்ந்து உள்ளே போனால் பேஸுக்குப் பேஸ் ஷார்ட் ஆகி, போர்டே எரிந்துவிடும். இதுக்குப் பேர் இன்டர்லாக் என்றார் ஆசிரியர். இது கரண்ட்டோடு பிறந்த யோசனை இல்லை, ரயில்வே கேபினில் இரும்பு லீவரோடு பிறந்தது என்றும் சொன்னார். அன்று சாயங்காலமே லைப்ரரியில் தேட ஆரம்பித்தேன்.

தச்சுப் பட்டறையில் தொடக்கம்

ஜான் சாக்ஸ்பி 1821-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 17-ந் தேதி இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையில் உள்ள பிரைட்டன் நகரில் பிறந்தார். பதின்மூன்று வயதிலேயே தச்சரிடம் வேலை பழகப் போனார். நம்மில் பலர் எட்டாம் வகுப்பில் இருந்த வயசு அது. மரத்தில் காடி வெட்டுவது, ஒன்றுக்குள் ஒன்று இறுக்கமாகப் பொருத்துவது என்று அவர் படித்த படிப்பெல்லாம் கையால் படித்ததுதான்.

1840-ம் ஆண்டு வாக்கில் ரயில் கம்பெனியில் தச்சராகச் சேர்ந்தார். இங்கிலாந்தில் ரயில் பாதைகள் ஊர் ஊராக நீண்டுகொண்டிருந்த காலம். லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு முழுப் பாதை 1841-ல் திறக்கப்பட்டது. அந்தக் கம்பெனி பின்னால் லண்டன், பிரைட்டன் அண்டு சவுத் கோஸ்ட் ரயில்வே என்று பெயர் பெற்றது. சாக்ஸ்பி அதில் இருபது வருஷம் வேலை பார்த்தார்.

அன்றைய ரயிலும் அன்றைய ஆபத்தும்

அந்தக் காலத்து ரயில் எப்படி ஓடியது என்று தெரிந்தால்தான் இவர் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது புரியும்.

தொடக்கத்தில் சிக்னல் என்று தனியாக எதுவும் கிடையாது. பகலில் கொடியும் ராத்திரியில் விளக்குமாக ஒரு ஆள் பாதை ஓரத்தில் நிற்பார். ஒரு வண்டி போய் இத்தனை நிமிஷம் ஆச்சுன்னா அடுத்த வண்டியை விடலாம் என்பது கணக்கு. முன்னால் போன வண்டி நடுவழியில் நின்றுவிட்டதா என்பது அவருக்குத் தெரியாது. 1841-ல் சார்லஸ் ஹட்டன் கிரெகரி என்ற இன்ஜினியர் லண்டன் பக்கம் நியூ கிராஸில், மரத்தூணில் கை வைத்த சிக்னலை நிறுத்தினார். நம்ம ஊர்ப் பெரியவர்கள் கைகாட்டி என்று சொல்வது இதைத்தான். கை நேராக நீட்டியிருந்தால் நில், சாய்ந்தால் போ.

கைகாட்டி வந்தும் ஒரு பெரிய ஆபத்து அப்படியே இருந்தது. இரண்டு பாதை பிரிகிற இடத்தில், வண்டியை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று திருப்புவது பாயிண்ட் என்கிற நகரும் தண்டவாளம். கைகாட்டியை இழுப்பது ஒரு வேலை, பாயிண்டைத் திருப்புவது வேறொரு வேலை. இரண்டுக்கும் நடுவில் இருந்தது மனுஷனுடைய ஞாபகம் மட்டும்தான். பாயிண்ட் இடது பக்கம் திரும்பி இருக்கும்போது, நேராகப் போகலாம் என்று கைகாட்டி சொல்லலாம். டிரைவர் கைகாட்டியை நம்பி முழு வேகத்தில் வருவார். அப்புறம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படி ஒரு தப்பால் நடந்த விபத்தை நேரில் பார்த்த பிறகுதான் சாக்ஸ்பி இதில் இறங்கினார் என்று சொல்லப்படுகிறது. பாயிண்டைத் திருப்பினவரைத் திட்டுவதோடு அவர் நிற்கவில்லை. அந்த மனுஷன் தப்பு செய்ய வழி எங்கே இருந்தது என்று தேடினார்.

1856 – பூட்டு பிறந்தது

1856-ல் சாக்ஸ்பி காப்புரிமை வாங்கினார். பாயிண்டையும் அதற்குரிய கைகாட்டியையும் ஒன்றாகச் சேர்த்து இயக்கும் அமைப்பு அது. பாயிண்ட் எந்தப் பக்கம் போகிறதோ அதைத்தான் கைகாட்டியும் சொல்லும், மாற்றிச் சொல்ல வழியே கிடையாது. அதே வருஷம் லண்டனில் பிரிக்லேயர்ஸ் ஆர்ம்ஸ் ஜங்ஷனில் அதைப் பொருத்தினார்கள். பிரிக்லேயர் என்றால் கொத்தனார். கொத்தனார் பேர் வைத்த இடத்தில் ஒரு ஆசாரி சரித்திரம் படைத்தார் என்று நான் வீட்டில் சொன்னபோது எங்க அம்மா ரொம்ப ரசிச்சாங்க.

ஆனால் நண்பர்களே, முதல் அமைப்பே முழுசாகச் சரியாக இருந்துவிடவில்லை. பாயிண்டும் கைகாட்டியும் ஒரே நேரத்தில் நகர்ந்தால், பாயிண்ட் கடைசி வரை போய்ச் சேராமல் நடுவிலே கல் சிக்கி நின்றாலும் கைகாட்டி சாய்ந்துவிடலாம். ஆகவே ஒன்று முழுசாக முடிந்தபிறகுதான் அடுத்தது அசைய வேண்டும். இந்த வரிசை முறையை லண்டன் கென்டிஷ் டவுன் ஜங்ஷனில் ஆஸ்டின் சேம்பர்ஸ் என்பவர் 1860-ஐ ஒட்டிச் செய்து காட்டினார். சாக்ஸ்பியும் 1860-ல் தன் அமைப்பைத் திருத்திப் புதிய காப்புரிமை வாங்கினார். ஆகவே இன்டர்லாக் முழுக்க ஒரே ஆளின் மூளையில் பிறந்தது என்று சொல்ல முடியாது. கிரெகரி வைத்த கைகாட்டிமேல் சாக்ஸ்பி, சாக்ஸ்பியின் அமைப்பைப் பார்த்து சேம்பர்ஸ், அதைப் பார்த்து மறுபடி சாக்ஸ்பி என்றுதான் வளர்ந்திருக்கிறது. அடுத்தவன் திருத்தினால் கோபித்துக்கொண்டு உட்காராமல், பத்து வருஷத்துக்கும் மேல் தன் வேலையைத் தானே திருத்திக்கொண்டே இருந்தார் பாருங்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன். கேபினில் லீவர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு பாயிண்டுக்கோ கைகாட்டிக்கோ போகும். தரைக்குக் கீழே, லீவர்களோடு சேர்ந்து இரும்புப் பட்டைகள் நகரும். ஒரு லீவரை இழுத்தால் ஒரு பட்டை நகர்ந்து, இழுக்கக் கூடாத லீவரின் காடியில் போய் விழும். அப்புறம் நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் அந்த லீவர் வராது. முதல் லீவரைப் பழைய இடத்துக்குத் தள்ளினால்தான் அது விடுபடும். 1860-களின் கடைசியில் சாக்ஸ்பி கம்பெனி இன்னும் ஒரு படி மேலே போனது. லீவரை இழுக்கும் முன் கைப்பிடியோடு இருக்கும் சின்னப் பிடியை அழுத்த வேண்டும் இல்லையா? அதை அழுத்தும்போதே பூட்டு வேலை செய்யும்படி வைத்தார்கள். லீவர் அசைவதற்கு முன்பே பதில் தெரிந்துவிடும். நம்ம லேப் ஸ்டார்டரில் கான்டாக்ட் செய்கிற அதே வேலைதான். அவர் அதை இரும்பிலே செய்தார்.

கிளேட்டன் சுரங்கம்

1861-ம் ஆண்டு ஆகஸ்ட் 25, ஞாயிற்றுக்கிழமை. பிரைட்டனிலிருந்து சில நிமிஷ இடைவெளியில் மூன்று ரயில்கள் லண்டனை நோக்கிக் கிளம்பின. வழியில் கிளேட்டன் என்ற சுரங்கப்பாதை. முதல் வண்டி உள்ளே போனதும் தானாக நில் காட்ட வேண்டிய சிக்னல், அன்றைக்குக் காட்டவில்லை. அதற்குள் இரண்டாவது வண்டி வந்துவிட்டது. சுரங்க வாசலில் இருந்த சிக்னல்காரர் பதறிப்போய்ச் சிவப்புக் கொடியை ஆட்டினார். டிரைவர் அதைக் கடைசி நொடியில் பார்த்து, சுரங்கத்துக்குள் போய் வண்டியை நிறுத்திப் பின்னால் வர ஆரம்பித்தார். இது வெளியே இருந்த சிக்னல்காரருக்குத் தெரியாது. மறுமுனையிலிருந்து பாதை காலி என்று தந்தியில் செய்தி வந்தது. அது முதல் வண்டியைப் பற்றியது, இவர் இரண்டாவது வண்டி என்று நினைத்து மூன்றாவது வண்டியை உள்ளே விட்டுவிட்டார். 23 பேர் இறந்தார்கள், 176 பேர் காயம் அடைந்தார்கள்.

அந்தச் சிக்னல்காரர் அன்றைக்கு 24 மணி நேரத் தொடர் டூட்டியில் இருந்தார். விதிப்படி 18 மணி நேரம். வாரத்தில் ஒரு முழுநாள் லீவு கிடைக்கும் என்பதற்காக 24 மணி நேரம் பார்த்தார். சாக்ஸ்பியின் பூட்டு மட்டும் இந்த விபத்தைத் தடுத்திருக்காது. இதற்கு, முன்வண்டி வெளியே போனால்தான் பின்வண்டிக்கு அனுமதி என்ற பிளாக் முறை தேவைப்பட்டது. இந்த விபத்துக்குப் பிறகு அதற்கு ஆதரவு பெருகியது. பூட்டும் பிளாக்கும் சொல்கிற பாடம் ஒன்றுதான். களைத்துப்போன மனுஷனின் ஞாபகத்தை மட்டும் நம்பி நூறு பேரின் உயிரை வைக்கக் கூடாது.

இந்த இடத்தில் எங்க வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது. அம்மா விடிகாலை ஜீப்பில் போடிமெட்டு ஏறித் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவாங்க. அப்பா கீழே ஊருக்குள் ஏலக்காய் சலிக்கிற மிஷினில் வேலை. நான் ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் ராத்திரி ஷிப்டில், பெல்ட்டில் சாக்கு நூல் சுற்றிக்கொண்டது. மிஷினை நிறுத்திவிட்டு நூலை எடுத்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் இருந்தது அடுத்த ரூமில். அங்கே இருந்தவர் தெரியாமல் போட்டுவிட்டார். அப்புறம் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான், கவனமா இருந்திருக்கணும் என்று. அப்பாவும் இன்று வரை தன் தப்பு என்றுதான் சொல்வார். மூடி திறந்திருந்தால் மோட்டார் ஓடாதபடி ஒரு லிமிட் சுவிட்ச் வைத்திருக்கலாம் என்று நமக்கு இப்போது தெரியும். அப்போது அங்கே யாருக்கும் தெரியவில்லை, அல்லது யாரும் யோசிக்கவில்லை. கிளேட்டன் சிக்னல்காரரைப் பற்றிப் படித்தபோது எனக்கு அப்பா முகம்தான் ஞாபகம் வந்தது.

உலகம் முழுக்கப் போன லீவர்

சாக்ஸ்பி ரயில் கம்பெனி வேலையை விட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். அதே ரயில்வேயில் போக்குவரத்துப் பிரிவில் இருந்த ஜான் ஸ்டின்சன் ஃபார்மர் 1862-ல் கூட்டாளியாகச் சேர்ந்தார். சாக்ஸ்பி அண்டு ஃபார்மர் கம்பெனி பிறந்தது. லண்டனில் கில்பர்ன் என்ற இடத்தில் பெரிய தொழிற்சாலை கட்டினார்கள். பின்னால் பிரான்சில் கிரெய் என்ற ஊரிலும் ஒரு தொழிற்சாலை வந்தது. 1873-ல் லண்டன் அண்டு நார்த் வெஸ்டர்ன் என்ற ஒரே ஒரு கம்பெனியின் பாதைகளில் மட்டும் பூட்டுப் போட்ட லீவர்கள் 13,000 இருந்தன என்றால் எவ்வளவு வேகமாகப் பரவியது என்று பாருங்கள்.

அப்படியும் செலவைக் காரணம் காட்டி இழுத்தடித்த கம்பெனிகள் உண்டு. 1889-ம் ஆண்டு ஜூன் 12-ந் தேதி அயர்லாந்தில் அர்மா என்ற ஊர்ப் பக்கம், உல்லாசப் பயணம் போன வண்டியின் பெட்டிகள் மேட்டிலிருந்து பின்னால் உருண்டு, வந்துகொண்டிருந்த இன்னொரு வண்டியில் மோதின. சுமார் 80 பேர் இறந்தார்கள், அதில் நிறையப் பேர் குழந்தைகள். அதே வருஷம் பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டது. பயணிகள் பாதைகளில் பிளாக் முறை, பாயிண்டுக்கும் சிக்னலுக்கும் பூட்டு, வண்டி முழுவதற்கும் பிரேக் ஆகிய மூன்றும் கட்டாயம் என்று. சாக்ஸ்பியின் முதல் காப்புரிமைக்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவில் 33 வருஷம்! நல்ல யோசனையைக் கண்டுபிடிப்பதைவிட அதை நடைமுறைக்குக் கொண்டுவருவதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

நம் நாட்டில், நம் பாதையில்

இந்தியாவுக்கு இந்தப் பூட்டு 1890-களில் வரத் தொடங்கியது. சாக்ஸ்பி பேர் தாங்கிய கம்பெனி கல்கத்தாவிலும் உண்டானது. பிற்காலத்தில் வெஸ்டிங்ஹவுஸ் சாக்ஸ்பி ஃபார்மர் என்ற பேரில் மேற்கு வங்க அரசு நிறுவனமாகவே இருந்தது.

எங்க தெருவில் ஒரு தாத்தா, மதுரைக்கு அந்தப் பக்கம் கேபினில் லீவர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். சிவப்பு லீவர் நில் சிக்னலுக்கு, கறுப்பு பாயிண்டுக்கு, நீலம் பாயிண்டைப் பூட்டுவதற்கு, வெள்ளை என்றால் உபயோகத்தில் இல்லாதது. கை வியர்வை பட்டால் கைப்பிடி துருப்பிடிக்கும் என்று துண்டை வைத்துத்தான் பிடிப்பார்களாம். தூரத்துக் கைகாட்டிக்குக் கம்பி ரொம்ப தூரம் ஓடும். வெயிலில் கம்பி நீண்டு தொய்ந்துவிடும், அப்போது காலை உதைத்து இழுக்க வேண்டும் என்றார். தூக்கக் கலக்கத்தில் தப்பான லீவரைப் பிடித்தது உண்டா என்று கேட்டேன். எத்தனையோ தடவை பிடித்திருக்கிறேன், ஆனா அது வராதேப்பா என்று சிரித்தார். சாக்ஸ்பியைப் பற்றி நான் படித்த எல்லாமும் அந்தச் சிரிப்பில் அடங்கிவிட்டது.

நம்ம மதுரை – போடி பாதை 1928-ல் வந்தது. உலகப் போர் சமயத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய், 1950-களில் மறுபடி போட்டார்கள். மலையிலிருந்து இறங்கிய ஏலக்காய் மூட்டை அந்தச் சின்ன வண்டியில்தான் போகும் என்பார் எங்க தாத்தா. அகலப் பாதை ஆக்குவதற்காக 2010 கடைசியில் வண்டியை நிறுத்தியபோது எனக்கு மூணு வயசு. அப்புறம் தண்டவாளம் இல்லாத ஸ்டேஷனில்தான் நாங்கள் விளையாடி வளர்ந்தோம். 2023 ஜூன் 15-ந் தேதி சென்னைக்கே நேர் வண்டி வந்தது. நான் பத்தாவது முடித்து இந்தக் கல்லூரியில் சேர்ந்ததும் அதே ஜூன் மாதம்தான்.

ஊரே மேளம் கொட்டிய அந்த வாரத்தில் எங்க அம்மாவுக்கு மட்டும் ரயில் ஏறப் பயம். காரணம், அதற்கு 13 நாள் முன்னால் டி.வி.யில் பார்த்தது. ஜூன் 2-ந் தேதி சாயங்காலம், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு ஒடிசாவில் பஹனகா பஜார் ஸ்டேஷனில் நேர்ப்பாதைக்குப் பச்சை விழுந்தது. ஆனால் பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பி இருந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

1856-ல் சாக்ஸ்பி எதைத் தடுக்கப் பூட்டுப் போட்டாரோ, சரியாக அதுவே நடந்தது. அங்கே பூட்டு இல்லாமல் இல்லை. இரும்புப் பட்டைக்குப் பதில் எலெக்ட்ரானிக் இன்டர்லாக் இருந்தது. ரயில்வே பாதுகாப்பு கமிஷனரின் விசாரணையில், லெவல் கிராஸிங் பக்கம் இருந்த பெட்டிக்குள் வயரிங் தவறாகவும், வயர்களின் பெயர்ச்சீட்டு தவறாகவும் பல வருஷமாக இருந்தது என்றும், யாரும் கவனிக்கவில்லை என்றும், அன்றைக்கு அங்கே நடந்த வேலையில் அது வெடித்தது என்றும் தெரியவந்தது. பூட்டுக்கு நடுவிலேயே கள்ளச்சாவி போட்டதுபோல் ஆகிவிட்டது. அந்த வேலையைச் செய்கிறவர்கள் யார்? நம்மைப்போல டிப்ளமோ படித்தவர்களும்தான். லேப் ரெக்கார்டில் வயருக்கு நம்பர் போடாமல் விடுகிறோமே, அதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

முடிவாக

ஜான் சாக்ஸ்பி 1913-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி தன் 91-வது வயதில் காலமானார். அவர் கடைசியாக வாழ்ந்த ஹாசக்ஸ் என்ற ஊர், அந்தக் கிளேட்டன் சுரங்கத்தின் வடக்கு வாசலுக்குப் பக்கத்திலேதான் இருக்கிறது. பதின்மூன்று வயதில் உளி பிடித்த கை, பல நாட்டு ரயில்களைப் பத்திரமாகப் போக வைத்தது.

இப்போது கைகாட்டி மரங்கள் பெரும்பாலும் போய்விட்டன, கேபின்கள் பல இடங்களில் பூட்டிக் கிடக்கின்றன அல்லது இடிக்கப்பட்டுவிட்டன. ஆனால் அந்த யோசனை போகவில்லை. லிப்ட் கதவு மூடாமல் லிப்ட் நகராது, மிக்ஸி ஜார் சரியாக உட்காராமல் சில மிக்ஸிகள் ஓடாது. எல்லாம் அதே குடும்பம்தான்.

எங்க வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்து என்ன செய்யப்போகிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது இதுவரை பதில் சொல்லத் தெரியாமல் முழித்திருக்கிறேன். இப்போது ஒரு பதில் உண்டு. இந்த லீவுக்கு, அப்பா வேலை பார்த்த மாதிரியான மிஷின் ஒன்றுக்கு மூடியோடு லிமிட் சுவிட்ச் வைக்கிற சர்க்யூட் வரைந்து, ப்ராஜெக்ட்டாகச் செய்ய மூன்று பேர் சேர்ந்திருக்கிறோம். பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, சாமான் செலவும் நமக்குத் தாங்கும். கவனமா இரு என்று தொழிலாளிக்குச் சொல்வது சுலபம். கவனம் தப்பினாலும் கை போகாதபடி மிஷினைச் செய்வதுதான் நம் படிப்புக்கு அழகு. ஜான் சாக்ஸ்பி என்ற அந்த ஆசாரி நமக்குக் காட்டிவிட்டுப் போன வழி அது.

வரைபடத்தை அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சுவிட்சை மூடிக்கு எந்தப் பக்கம் வைத்தால் தூசி அடையாது என்று மூன்று விரலால் தொட்டுக் காட்டினார். அந்த இடத்திலேயே வைக்கப்போகிறோம்.